‘யாருமில்லை’ என்று பாடியவர்

அயலூரில் குடியேறி வாழ்கிறவர்களுக்கு ஒரு வகைச் சிரிப்பு நன்றாகத் தெரியும். காய்கறிக் கடையில் நிற்கிறோம். ஆண்பாலில் சொல்ல வேண்டியதைப் பெண்பாலில் சொல்லிவிடுகிறோம். கடைக்காரர் சிரிக்கிறார். அவர் பொல்லாதவர் அல்லர். சரியாக நிறுத்துக் கொடுத்து, கொசுறாகக் கொத்தமல்லியும் போட்டு அனுப்புகிறார். ஆயினும் வீடு வந்து சேரும் வரையில் அந்தச் சிரிப்பு நம் கூடவே வருகிறது. சில ஆண்டுகள் சென்றபின் நம் குழந்தைகள் அவ்வூர்ப் பேச்சைப் பழுதறக் கற்றுக்கொண்டு, நம்முடைய உச்சரிப்பை நம் எதிரிலேயே நடித்துக் காட்டுகின்றன. அப்பொழுது நாமும் சேர்ந்து சிரித்துவிடுகிறோம். முன்னது நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. பின்னது நம்மோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. இரண்டிற்கும் ஓசை ஒன்றேயானாலும் பொருள் ஒன்றன்று.

இந்த இரண்டு சிரிப்பையும் நன்கு அறிந்திருந்த ஒரு கலைஞரின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் வாடெவில் அரங்குகளில் புகழ்பெற்று, இசைத்தட்டின் வாயிலாக அந்நாட்டின் வீடுகளுக்குள்ளும் நுழைந்த முதல் விகடர்களில் அவர் ஒருவர். பெயர் பெர்ட் வில்லியம்ஸ்.

வந்தேறிய சிறுவன்

வாடெவில் என்பது ஒரே நாடகம் அன்று. பல சிறு நிகழ்ச்சிகளின் கதம்பம். ஒரே மாலையில் பாட்டு, நடனம், கழைக்கூத்து, மாயாஜாலம், பழக்கிய விலங்குகளின் வித்தை, விகடப் பேச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பத்து அல்லது பதினைந்து நிமிஷங்களுக்குள் ஒவ்வொருவரும் தம் திறமையைக் காட்டிவிட்டு விலக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க நகர மக்களுக்கு இதுவே பெரிய பொழுதுபோக்காக இருந்தது.

அந்த மேடைகளில் விகடத்திற்கு ஒரு சுலபமான கருப்பொருள் இருந்தது. புதிதாக வந்து இறங்கியவன் பேசும் ஆங்கிலந்தான் அது. அயர்லாந்துக்காரன் பேச்சு, இத்தாலியன் பேச்சு, யூதன் பேச்சு, பட்டணம் பார்க்க வந்த நாட்டுப்புறத்தான் பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடிகர்கள் இருந்தார்கள். இசைத்தட்டு வந்ததும் அவர்கள் அதிலும் பேசினார்கள். கால் ஸ்டூவர்ட் என்பவர் ‘அங்கிள் ஜாஷ்’ என்னும் கிராமத்துக் கிழவராகப் பேசிய பதிவுகள் வீடுதோறும் விற்றன. ஜோ ஹேமன் என்பவர் 1913-இல் லண்டனில் பதிவு செய்த ‘கோஹன் ஆன் தி டெலிபோன்’ என்னும் தட்டில், யூதக் குடியேறி ஒருவர் வீட்டுச் சொந்தக்காரரோடு டெலிபோனில் மல்லாடுகிறார். மறுமுனையில் இருப்பவருக்கு அவர் சொல்வது ஒன்றும் விளங்குவதில்லை. கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கேட்டவர்களுள் தாமும் நேற்று வந்து இறங்கிய குடியேறிகள் எத்தனையோ பேர்!

எல்லாப் பேச்சையும்விட அதிகமாகக் கேலிக்கு உள்ளானது கறுப்பினத்தாரின் பேச்சு. வெள்ளையர்கள் தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, கறுப்பர்களைப் போல் உளறி ஆடும் ‘மின்ஸ்ட்ரல்’ கூத்து, அடிமைத்தனம் ஒழிவதற்கு முன்பே தொடங்கி, அது ஒழிந்த பின்பும் நெடுங்காலம் நீடித்தது. அந்தக் கூத்தில் வரும் கறுப்பன் சோம்பேறி, கோழி திருடுகிறவன், பயங்கொள்ளி. பெர்ட் வில்லியம்ஸ் கால் வைத்த மேடை இதுதான்.

அவரோ அமெரிக்காவில் பிறந்தவரே அல்லர். மேற்கிந்தியத் தீவுகளை அடுத்த பஹாமாவில், நாஸோ நகரில், 1874-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பிறந்தார். அப்பொழுது அது பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. சிறுவனாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, கலிபோர்னியாவில் ரிவர்சைட் என்னும் ஊரில் குடியேறியது. உயரமானவர், நிறமும் அவ்வளவு கறுப்பன்று. பேசியது திருத்தமான ஆங்கிலம். அமெரிக்கக் கறுப்பர்களின் கொச்சைப் பேச்சு தமக்கு இத்தாலியனின் பேச்சைப் போலவே ஓர் அந்நியப் பேச்சாக இருந்ததென்றும், அதைத் தாம் பாடம்போலப் படித்துக் கற்க நேர்ந்ததென்றும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு மொழியைக் குடியேறியவன் கற்பது பிழைப்புக்காக. அவர் கற்றதும் பிழைப்புக்காகத்தான். ஆனால் பிழையின்றிப் பேச நாம் கற்கிறோம். அவரோ பிழையாகப் பேசக் கற்றார்!

இருவர் சேர்ந்தனர்

1893-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கர் என்னும் கறுப்பின இளைஞரை வில்லியம்ஸ் சந்தித்தார். வாக்கர் கான்ஸாஸ் மாநிலத்தவர், துடிப்பானவர், நன்றாக உடுத்துகிறவர். இருவரும் கூட்டாளிகள் ஆயினர். மறு ஆண்டு அந்நகரில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் டஹோமி நாட்டு மக்களைக் கொண்டுவந்து அங்கே ஒரு கிராமமாக அமைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் வந்து சேரத் தாமதமாகவே, உள்ளூர்க் கறுப்பர்கள் சிலரைக் கூலிக்கு அமர்த்தி டஹோமியர்களாக உட்கார வைத்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் வில்லியம்ஸும் வாக்கரும் இருந்தனர். பிறகு மெய்யான டஹோமியர்கள் வந்தார்கள். வேலை போயிற்று, ஆயினும் இவ்விருவரும் அந்த ஆப்பிரிக்கர்களிடம் சென்று பழகி, அவர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் கவனித்தார்கள். என்றேனும் ஒருநாள் ஆப்பிரிக்காவைப் பற்றித் தாமே ஒரு நாடகம் போடவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உதித்ததாக வாக்கர் பின்னர் எழுதினார்.

வயிற்றுப்பாட்டுக்கு இப்பொழுது வேறு வழி தேடவேண்டும். கரி பூசிய வெள்ளையர்கள் கறுப்பர்களாக நடித்துப் பணம் சேர்க்கும்போது, தாங்களே அசல் என்று விளம்பரம் செய்தால் என்ன என்று நினைத்தார்கள். கறுப்பினத்தாரை இழித்துரைக்கும் ஒரு சொல்லையே எடுத்து, ‘மெய்யானவர்கள் இருவர்’ என்று தங்கள் நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டினார்கள். அந்தச் சொல் அவர்களுக்கு வலித்திருக்காது என்று யார் சொல்ல முடியும்?

முதலில் வாக்கர் விகடர், வில்லியம்ஸ் அவருக்கு எடுத்துக் கொடுப்பவர். மிச்சிகனைச் சேர்ந்த டெட்ராய்ட் நகரில் ஒரு சிறு அரங்கில் வில்லியம்ஸ் ஒருநாள் வேடிக்கைக்காகத் தம் முகத்தில் தக்கைக் கரியைப் பூசிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார். சபை எதிர்பாராத வண்ணம் ஆரவாரித்தது. அன்றிலிருந்து வேஷங்கள் இடம் மாறின. வாக்கர் பகட்டாக உடுத்திய மைனர் ஆனார். வில்லியம்ஸ் கந்தல் கோட்டும் பெரிய செருப்பும் அணிந்து, மெதுவாக நடந்து, தொட்டதெல்லாம் துலங்காமற் போகும் அப்பாவி ஆனார்.

தம்மை வேறொரு மனிதனாகப் பார்க்க முடிந்த பிறகே தம்முள் இருந்த நகைச்சுவை வெளிப்பட்டது என்று வில்லியம்ஸ் சொல்லியிருக்கிறார். கரிபூசிய முகம் அவருக்கு ஒரு திரையாயிற்று. திரைக்குப் பின்னால் இருந்தவர் கூச்சமுள்ளவர், நிறையப் படிப்பவர், மென்மையாகப் பேசுபவர். முன்னால் நின்றவனோ உலகத்தின் துரதிர்ஷ்டமெல்லாம் தன் தலையில்தான் விழவேண்டும் என்று பிறந்தவன். ஆனால் அந்தத் திரையைக் கடைசிவரையில் விலக்க அவருக்கு முடியாமற் போயிற்று.

மெழுகின் எதிரே

1896-லிருந்து நியூயார்க்கில் இவ்விருவர் புகழ் பரவிற்று. அதனால் ஆபத்தும் வந்தது. 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்நகரில் கறுப்பர்களுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, வெறிகொண்ட கூட்டம் புகழ்பெற்ற கறுப்பின நடிகர்களைப் பெயர் சொல்லித் தேடியது. வாக்கர் டிராம் வண்டியிலிருந்து இழுத்துத் தாக்கப்பட்டார். முந்திய நாள் கைதட்டிய ஊர் மறுநாள் கல்லெடுத்தது.

அடுத்த ஆண்டு, 1901 அக்டோபரில், விக்டர் கம்பெனியார் இருவரையும் அழைத்து இசைத்தட்டுகள் பதிவு செய்தார்கள். அந்தக் கம்பெனி தொடங்கியதே அம்மாதந்தான். நம் நாட்டில் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தது 1902 நவம்பரில். அதற்கும் ஓராண்டு முற்பட்டவை இந்தத் தட்டுகள். கறுப்பினத்தாரின் குரலைப் பதிவு செய்வது அக்காலத்தில் அபூர்வம். அடிமைத்தனம் நிலவிய வர்ஜீனியாவில் பிறந்து, நியூயார்க் வீதிகளில் சீட்டியடித்துப் பிழைத்துவந்த ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன், 1890-ஆம் ஆண்டையொட்டித் தம் சிரிப்புப் பாட்டைப் பதிவு செய்து வழிகாட்டியிருந்தார். ஆனால் பெரிய அரங்குகளில் நட்சத்திரங்களாக இருந்த கறுப்பினக் கலைஞர்கள் முன்னணிக் கம்பெனியில் தட்டுக் கொடுத்தது வில்லியம்ஸ், வாக்கர் காலத்தில்தான்.

அக்காலப் பதிவுமுறை எப்படிப்பட்டது என்று இன்றைய இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. மைக்ரோபோன் கிடையாது, மின்சாரப் பதிவு பரவியது 1925-இல்தான். சுவரிலிருந்து நீண்டிருக்கும் ஒரு தகரக் குழலின் அகன்ற வாய்க்குள் கலைஞர் பாடவேண்டும். அந்த ஒலியின் அதிர்வே மறுபுறத்தில் ஊசியை அசைத்து, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். மெல்லிய குரல் கீறாது. உரத்துக் கத்தினால் ஊசி தடம் புரளும். ஆகவே உச்சஸ்தாயியில் குழலை விட்டு விலகியும், தாழ்ந்தபோது நெருங்கியும் பாடவேண்டும். வயலின் போன்றவை சரியாகப் பதியா. பித்தளை ஊது கருவிகள் நன்கு பதியும். தட்டின் அளவுக்கு ஏற்ப இரண்டு முதல் நான்கு நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இடையில் தவறினால் அந்த மெழுகு வீண்.

வில்லியம்ஸின் கலைக்கு இதைவிடப் பெரிய சோதனை இருக்க முடியாது. அவர் மேடையில் சிரிப்பூட்டியது பெரும்பாலும் உடம்பினால். தோளைத் தொங்கவிடுவது, விரல்களை மெல்ல விரிப்பது, ஒன்றும் பேசாமல் சபையைப் பார்த்து நிற்பது, இவையே அவர் ஆயுதங்கள். அவர் தனியாக அமர்ந்து, எதிரில் நான்கைந்து பேர் இருப்பதுபோலச் சீட்டாடி, சீட்டைப் பார்த்து மகிழ்ந்து, நம்பி, சந்தேகித்து, தோற்றுப்போவதைச் சொல்லில்லாமலே காட்டும் காட்சி மிகப் பிரசித்தம். 1916-இல் வெளிவந்த ‘எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்’ என்னும் மௌனப் படத்தில் அதை இன்றும் காணலாம். குழலின் முன் நிற்கும்போது தோளும் இல்லை, விரலும் இல்லை. மௌனமோ மெழுகில் வெறும் இரைச்சலாகப் பதியும்.

அவர் கண்ட வழி இது. பாட்டைப் பாடாமல் பாதி பேசினார். தாளம் ஓர் இடத்தில் போய்க்கொண்டிருக்க, சொல்லைச் சற்றே பின்தங்க விட்டார். சோர்ந்தவன் படியேறுவதுபோல ஒவ்வொரு சொல்லும் அடுத்ததற்கு வந்து சேர்ந்தது. தோள் செய்த வேலையைக் குரலின் இழுப்புச் செய்தது. கண் செய்த வேலையைச் சொல்லுக்கு முன் விழுந்த அரைக்கணத் தயக்கம் செய்தது. வாத்தியங்களில் டிராம்போனை அவர் துணைக்கு வைத்துக்கொண்டார். நெடுகச் சறுக்கி இறங்கும் அதன் ஒலி, அவர் விட்ட பெருமூச்சுக்குப் பக்கத்தில் நின்று தானும் ஒரு பெருமூச்சு விட்டது.

ஒரே ஒரு சொல்

டஹோமியர்களோடு பழகிய நாளில் உதித்த ஆசை 1903 பிப்ரவரி 18-ஆம் நாள் நிறைவேறிற்று. ‘இன் டஹோமி’ என்னும் இசை நாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. வில் மேரியன் குக் இசையமைத்தார். கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் பாடல்களில் பங்குகொண்டார். கதை வசனம் ஜெஸ்ஸி ஷிப். எழுதியவர், இசையமைத்தவர், நடித்தவர் யாவரும் கறுப்பினத்தவராக ஒரு முழுநீள நாடகம் பிராட்வேயின் பெரிய அரங்கு ஒன்றில் நடந்தது அதுவே முதல் தடவை. அவ்வாண்டு மே மாதம் அது லண்டனுக்குப் போயிற்று. ஜூன் 23-ஆம் நாள், மன்னர் ஏழாம் எட்வர்டின் பேரனுடைய பிறந்தநாள் விழாவில் பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் நடைபெற்றது.

1905-இல் அலெக்ஸ் ராஜர்ஸ் சொல் எழுத, வில்லியம்ஸ் மெட்டமைத்த பாட்டு ஒன்று பிறந்தது. பெயர் ‘நோபடி’, அதாவது ‘யாருமில்லை’. பசியும் குளிரும் வந்தபோது துணைநின்றவர் யார், துன்பத்தில் கைகொடுத்தவர் யார் என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். ஒவ்வொரு கேள்விக்கும் விடை அந்த ஒரு சொல்தான். கருத்து இவ்வளவே. ஆனால் அதே சொல் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வேறு நிறம் பெற்று வந்தது. முதலில் வியப்பு, பிறகு மனத்தாங்கல், பிறகு இதுவும் தெரிந்ததுதானே என்ற அமைதி. 1906-இல் கொலம்பியா கம்பெனியில் அதைப் பதிவு செய்தார், நாடெங்கும் விற்றது. 1913-இல் மறுபடியும் பதிவு செய்யவேண்டியிருந்தது.

இந்தப் பாட்டு அவரைக் கடைசிவரை விடவில்லை. எந்த மேடையில் ஏறினாலும் இதைப் பாடாமல் இறங்க ஜனங்கள் சம்மதிப்பதில்லை. ஏழாண்டு இதைப் பாடிப் பாடி அலுத்துப்போய், இதை எழுதியவரையும் மெட்டமைத்தவரையும் எவராவது அப்பொழுதே தண்ணீரில் அமுக்கியிருக்கக் கூடாதா என்று நினைத்ததாக வேடிக்கையாக எழுதினார். மெட்டமைத்தவர் தாமேயல்லவா!

தம் நகைச்சுவையின் இரகசியத்தை 1918-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அவர் விளக்கியிருக்கிறார். பிறர் தொல்லைப்படுவதைக் கண்டால் மனிதனுக்குச் சிரிப்பு வருகிறது. தன் தொல்லையைத் தானே வெளியில் நின்று பார்க்கக் கற்றவனுக்கு அதிலும் சிரிப்பு வரும் என்பது அவர் கருத்து. வானத்திலிருந்து சூப் மழையாகப் பெய்தாலும், தம்முடைய பாத்திரத்தின் கையில் கரண்டி இராது, முள்தான் இருக்கும் என்றார். இந்த இடத்தில்தான் அவர் செய்த மாற்றம் விளங்குகிறது. மின்ஸ்ட்ரல் கூத்தில் ஜனங்கள் சிரித்தது ‘கறுப்பன் இப்படித்தான்’ என்பதற்கு. வில்லியம்ஸிடம் சிரித்தது, ‘நமக்கும் இப்படித்தானே நடக்கிறது’ என்பதற்கு. கடன்காரன், வீட்டு வாடகை, நம்பிய நண்பன் கைவிட்டது, மனைவியின் சொல்லுக்கு மறுசொல் அகப்படாதது இவற்றுக்கெல்லாம் நிறம் ஏது? வேஷம் பழையது, உள்ளே வைத்த மனிதன் புதியவன்.

மார்ட்டின் வரும் வரையில்

பாட்டை மட்டுமின்றிக் கதையையும் அவர் தட்டில் சொன்னார். 1913-இல் பதிவான ஒரு கதை இன்றும் கேட்கத் திகட்டாதது. தம் இனத்துப் பாட்டன் பாட்டிமார் வழங்கிவந்த கதை அது. மழைக்கு ஒதுங்கிய ஒரு போதகர், பேய் உலவும் பாழ்வீடு என்று அறியாமல் உள்ளே நுழைந்து, கணப்பின் அருகே உட்கார்ந்து வேதம் படிக்கிறார். ஒரு சிறு பூனை வருகிறது. நெருப்பில் புகுந்து தணலைத் தின்றுவிட்டு அவரைப் பார்த்தபடி உட்காருகிறது. பின்னும் பெரிய பூனை ஒன்று. அதற்கும் பெரியதாக மற்றொன்று. தொடங்கலாமா என்று ஒன்றை ஒன்று கேட்கின்றன. மார்ட்டின் வரட்டும், அதுவரையில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று விடை வருகிறது. போதகர் புத்தகத்தை மூடி எழுந்து, மார்ட்டின் வந்தால், தாம் வந்திருந்ததாகவும் காத்திருக்க நேரமில்லாமற் போய்விட்டதாகவும் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறார்!

கதையில் பயங்கொள்ளி யார் என்று பார்த்தால், பழைய கூத்தின் கறுப்பன்தான். ஆனால் வில்லியம்ஸ் சொல்லும்போது அந்தப் போதகர் கோமாளி ஆவதில்லை. இடி விழுந்த வீட்டில் நின்றுகொண்டும் மரியாதை தவறாமல் விடைபெறும் ஒரு கண்ணியவானாக எழுகிறார். அத்தகைய மரியாதை, வில்லியம்ஸின் சொந்த வாழ்க்கையில் நாள்தோறும் தேவைப்பட்டது.

தனித்து நின்றவர்

1909-இல் வாக்கர் நோயில் விழுந்தார்; 1911 ஜனவரியில் காலமானார். கூட்டாளியை இழந்த வில்லியம்ஸை, பிராட்வேயின் மிகப் பெரிய ஆடம்பரக் காட்சியான ‘பாலீஸ்’ நடத்திய ஸீக்பெல்ட் 1910-இல் அழைத்துக்கொண்டார். வெள்ளையர் குழுவில் ஒரு கறுப்பர் முக்கிய நடிகராக நிற்பதா என்று உடன் நடிப்பவர்கள் முறுமுறுத்தார்கள். உங்களில் எவர் போனாலும் வேறு ஆள் கிடைக்கும், அவர் போனால் கிடைக்காது என்று ஸீக்பெல்ட் விடையிறுத்ததாகச் சொல்வர். இடையில் இரண்டோர் ஆண்டு நீங்கலாக 1919 வரையில் அந்த மேடையில் அவர் விளங்கினார். கூடவே கொலம்பியாவுக்குத் தட்டுகள் பதிவு செய்துவந்தார். 1919-இல் வந்த ‘எல்டர் ஈட்மோர்’ உபதேசங்கள் இரண்டும், மதுவிலக்கு வந்தபோது அதைப் பற்றிப் பாடிய பாட்டுகளும் பெரிதும் விரும்பப்பட்டன. அவர் குரல் புகாத ஊர் இல்லை. அவர் புக முடியாத இடங்களோ அநேகம்.

அவரோடு பாலீஸில் நடித்த எடி கேன்ட்டர் ஒரு சம்பவம் கூறியிருக்கிறார். ஒரு ஹோட்டலில் தங்க இடம் கொடுத்தார்கள். ஆனால் சரக்குகள் ஏற்றும் பின்புற லிப்டில்தான் போகவேண்டும் என்றார்கள். அதுவும் பெரிதில்லை, சற்றுமுன் கேட்ட கைதட்டல் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் சங்கடம் என்றாராம் வில்லியம்ஸ். மதுக்கடை ஒன்றில் அவரை விரட்டுவதற்காக ஒரு கோப்பைக்கு ஐம்பது டாலர் என்று விலை சொன்னபோது, ஐந்நூறு டாலர் நோட்டை வைத்து, பத்துக் கோப்பை ஊற்றும்படி சொன்னார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1919-இல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவருக்கு எவரும் சொல்லவில்லை. வழக்கம்போல வந்து கரி பூசி, உடை உடுத்தி வெளியே வந்து பார்த்தால், கொட்டகையில் ஒருவரும் இல்லை. அந்தப் பாட்டு அன்று வாழ்க்கையாகவே வந்து எதிரில் நின்றது.

உடன் நடித்த விகடர் டபிள்யூ. சி. பீல்ட்ஸ், தாம் கண்டவர்களில் மிகுந்த சிரிப்பூட்டியவரும் அவரே, மிகுந்த துயரம் உடையவரும் அவரே என்று கூறினார். கறுப்பினத்தாரின் தலைவராக விளங்கிய புக்கர் டி. வாஷிங்டன், தம்மைவிட அவர் இனத்துக்கு அதிகம் செய்திருப்பதாகப் பாராட்டினார்; சிரித்துக்கொண்டே ஜனங்களின் உள்ளத்தில் நுழைந்துவிட்டார் என்பது அதன் கருத்து. ஆனால் எல்லாரும் அப்படிக் கருதவில்லை. கரி பூசிய முகம் எத்தனை நயமாக நடித்தாலும் கரி பூசிய முகமே, அது பழைய இழிவை வாழவைத்தது என்று கடிந்தவர்கள் அவர் காலத்திலும் இருந்தார்கள், பின்னும் இருந்தார்கள். அக்குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. அவரால் கரியின்றி மேடையேற முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்தக் காலம் விடை சொல்ல இடம் தரவில்லை. தம் இனத்தில் பிறந்ததில் இழிவு எதையும் தாம் கண்டதில்லை, ஆனால் அமெரிக்காவில் அது அசௌகரியமாக இருப்பதை அடிக்கடி கண்டதுண்டு என்று அவர் எழுதினார். அதில் புன்னகை இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பதையும் நாம் பார்க்க முடிகிறது.

மீண்டும் டெட்ராய்ட்

1922 பிப்ரவரியின் கடைசியில் அவர் டெட்ராய்ட் நகரில் நடித்துக்கொண்டிருந்தார். முதன்முதலில் முகத்தில் கரி பூசிய அதே நகரம். நிமோனியா காய்ச்சலை மறைத்துக்கொண்டு மேடையேறியவர், 27-ஆம் நாள் காட்சியின் நடுவில் தள்ளாடி விழுந்தார். இதுவும் ஒரு விகடமென்று எண்ணிய சபை கொல்லென்று சிரித்தது. தாம் கடைசியாக மேடையை விட்டுப் போகும்போதும் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று அவர் சொன்னதாகக் கூறுவர். நியூயார்க்கில் தம் வீட்டில் மார்ச் 4-ஆம் நாள் காலமானார். வயது 47.

1940-இல் டியூக் எல்லிங்டன் அவர் நினைவாக ஓர் இசைச் சித்திரம் படைத்தார். 1913-இல் படமாக்கப்பட்டு முடிவுபெறாமல் நின்றுபோன திரைப்படம் ஒன்றின் சுருள்கள் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் சேமிப்பில் இருந்து, 2014-இல் மக்கள் பார்வைக்கு வந்தன. அதில் மற்றவர்கள் தம் இயல்பான முகத்தோடு சிரித்து மகிழ்கிறார்கள். வில்லியம்ஸ் ஒருவர் மட்டுமே கரி பூசியிருக்கிறார். ஆயினும் காதலியின் கையைப் பிடித்து நிற்கும்போது அந்தக் கரியையும் மீறி முகம் மலர்வது தெரிகிறது. வாக்கருடன் பதிவு செய்த 1901-ஆம் ஆண்டுத் தட்டுகளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கத்தக்க தேசியச் செல்வமாக ஏற்றிருக்கிறது. பழைய விக்டர், கொலம்பியா தட்டுகளை எவரும் இலவசமாகக் கேட்கும்படியும் அந்நூலகத்தார் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் ‘நோபடி’யைக் கேட்டுப் பாருங்கள். இரைச்சலும் கரகரப்பும் முதலில் தொந்தரவு செய்யும். இரண்டாம் முறை கேட்கும்போது இரைச்சல் விலகி, ஒரு மனிதர் நம் கூடத்தில் வந்து அமர்ந்து மெல்லப் பேசுவதுபோல் இருக்கும். அவர் பேசும் பேச்சு அவர் பிறந்த பேச்சன்று. அணிந்த முகம் அவர் முகமன்று. இரவல் பேச்சிலும் இரவல் முகத்திலும் தம் சொந்த உள்ளத்தை வைத்துக் கொடுத்தார். அயலாரின் மொழியில் அன்றாடம் வாழ்க்கை நடத்தும் நமக்கு அந்த அருமை விளங்காமற் போகாது.

குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாட்டு முடிந்தபின், அந்தக் குரலுக்கு உரியவர் எந்த லிப்டில் ஏற்றப்பட்டார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். நாளை அவர்கள் வகுப்பில் புதிதாக ஒரு சிறுவன் வந்து, தெரியாத மொழியில் தடுமாறி ஏதோ சொல்வான். எந்தச் சிரிப்பைச் சிரிப்பது என்று அப்பொழுது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.